பழைய வண்டிக்குப் புதுக் கிளட்ச் போடலாமா, வண்டியைத் தள்ளிவிடலாமா?

கடை வைத்திருக்கும் நம்மில் பலரிடம் ஒரு பழைய வண்டி இருக்கிறது. ஆம்னி, டாடா ஏஸ், பழைய மாருதி கார் என்று ஏதோ ஒன்று. விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போவதற்கும், மண்டியிலிருந்து மூட்டை ஏற்றி வருவதற்கும், கல்யாண வீட்டுச் சாமான்களைக் கொண்டுபோய் இறக்குவதற்கும் அதுதான் கைகொடுக்கிறது. அதை வாங்கிய கடன் எப்போதோ அடைந்துவிட்டது. ஒருநாள் மேட்டில் ஏறும்போது என்ஜின் இரைச்சல் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏற மறுக்கிறது. மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, கிளட்ச் போச்சு. கியர் பாக்ஸை இறக்கணும். செட்டாவே மாத்திடலாம்" என்று ஒரு தொகையைச் சொல்கிறார்.

தொகையைக் கேட்டதும் கல்லாவில் இருக்கும் பெரியவர், "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! இந்த வண்டிக்கு இவ்வளவு செலவா?" என்பார். மகன், "அதைத்தாம்ப்பா நானும் சொல்றேன். இதை வித்துட்டு வேற வண்டி எடுத்துடலாம்" என்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் நியாயம் வேறு, கணக்கு வேறு. பருப்பு விலையில் கிலோவுக்கு ஐம்பது காசு குறையுமா என்று நான்கு மண்டி ஏறி இறங்கி விசாரிப்பவர்கள் நாம். அதே கண்ணோடு இந்த வண்டிச் செலவையும் பார்த்தால் விடை தானாகக் கிடைத்துவிடும்.

விஷயம் இதுதான். கிளட்ச் செலவை வண்டியின் இன்றைய விலையோடு வைத்துப் பார்ப்பது சரியான தராசு அல்ல. அந்தச் செலவைச் செய்தால் வண்டி இன்னும் எத்தனை மாதம் உழைக்கும், அந்த ஒவ்வொரு மாதமும் நமக்கு என்ன அடக்கமாகும், அதே வேலையை வேறு வழியில் செய்தால் என்ன அடக்கமாகும் என்று பார்ப்பதே வியாபாரியின் தராசு.

கிளட்ச் செய்யும் வேலை

என்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கிறது. சக்கரமோ நின்று நின்று ஓட வேண்டியிருக்கிறது. இந்த இரண்டையும் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்ச்சின் வேலை. என்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்பு வட்டு பிளைவீல். அதன்மேல் கிளட்ச் பிளேட் படிகிறது. அதைப் பின்னாலிருந்து அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். நாம் பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் என்ற சிறு பாகம் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்கை அழுத்தி, அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. காலை எடுத்தால் பிடி திரும்ப இறுகுகிறது.

பிளேட்டின் இரு பக்கமும் உள்ள உராய்வுப் பட்டை, செருப்பின் அடி தேய்வதுபோல ஒவ்வொரு முறையும் சிறிது தேய்கிறது. நெடுஞ்சாலையில் ஒரே கியரில் ஓடும் வண்டியில் இது மெதுவாகத் தேயும். மார்க்கெட் சந்துகளில் பாதி கிளட்ச்சில் ஊர்ந்து, அளவுக்கு மீறிய மூட்டையோடு மேடு ஏறும் வண்டியில் விரைவாகத் தேயும். ஆகவே ஒரே ரக வண்டிகள் இரண்டில், ஒன்றின் கிளட்ச் மற்றதைப்போல் இரண்டு மடங்கு உழைப்பதில் வியப்பில்லை. தேய்வது பிளேட்டின் குணம். கிளட்ச் தேய்ந்துவிட்டதாலேயே வண்டி முடிந்துவிட்டது என்று பொருள் அல்ல. டயர் தேய்ந்தால் மாற்றுகிறோம் அல்லவா, அதுபோலத்தான் இதுவும்.

முதலில் நோய் எது என்று தெரிய வேண்டும்

கிளட்ச் என்று சொல்லப்படும் கோளாறு எல்லாம் கிளட்ச் கோளாறு அல்ல. கியர் பாக்ஸை இறக்கச் சம்மதிக்கும் முன் கீழ்க்கண்டவற்றை மெக்கானிக்கோடு சேர்ந்து நாமே பார்த்துவிடலாம்.

ஒன்று: ஆக்சிலேட்டரை மிதித்ததும் என்ஜின் சத்தம் ஏறி, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. சத்தமே ஏறாமல் வண்டி மந்தமாக இருந்தால் கோளாறு என்ஜினில், ஏர் பில்டரில், பெட்ரோல் அல்லது டீசல் வரத்தில் இருக்கலாம். பிரேக் பிடித்துக்கொண்டே ஓடினாலும் வண்டி இழுக்காது.

இரண்டு: சமமான திறந்த இடத்தில், முன்னால் ஆள் இல்லாதபோது, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியரைப் போட்டு, கிளட்ச் பெடலை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் அணைந்துவிடும். பெடலை முழுவதும் விட்ட பிறகும் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் பிடி போய்விட்டது. இந்தச் சோதனையை ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம். செய்யச் செய்ய இருக்கிற பட்டையும் கருகிவிடும்.

மூன்று: கேபிள் வைத்த வண்டிகளில் பெடலின் மேல்புறத்தில் சிறிது விளையாட்டு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் காலை எடுத்த பிறகும் ரிலீஸ் பேரிங் அழுத்திக்கொண்டே இருக்கும், கிளட்ச் வழுக்கும். கேபிள் முனையில் உள்ள நட்டைத் திருப்பினாலே சரியாகிவிடுவது உண்டு. கியர் விழ மறுப்பது, ரிவர்ஸில் கரகரப்பது போன்றவற்றுக்கும் கேபிள் நீண்டுபோனதோ, ஆயிலில் இயங்கும் கிளட்ச் என்றால் சிலிண்டர் கசிவதோ காரணமாக இருக்கலாம். இவற்றுக்குக் கியர் பாக்ஸை இறக்கத் தேவையில்லாமல் போகலாம்.

நான்கு: சத்தத்தைக் கவனியுங்கள். பெடலை மிதிக்கும்போது மட்டும் கேட்கும் சத்தம் ரிலீஸ் பேரிங்கினுடையது. நியூட்ரலில், பெடலை மிதிக்காதபோது கேட்டு, மிதித்ததும் நின்றுவிடும் சத்தம் பெரும்பாலும் கியர் பாக்ஸ் பேரிங்கினுடையது.

ஐந்து: வண்டி கிளம்பும்போது அதிர்ந்து நடுங்கினால், என்ஜினின் பின்பக்க ஆயில் சீல் கசிந்து பிளேட்டில் எண்ணெய் படிந்திருக்கலாம். என்ஜின் மவுண்ட் தளர்ந்திருந்தாலும் இப்படி நடுங்கும். சீல் கசிவைச் சரி செய்யாமல் புதுப் பிளேட் போட்டால், புதுப் பிளேட்டும் சில மாதங்களில் எண்ணெயில் நனைந்துவிடும்.

சுண்டைக்காயும் சுமைகூலியும்

பெரியவர் சொன்ன பழமொழி கிளட்ச் வேலைக்கு மிகவும் பொருந்தும். பிளேட்டின் விலை அவ்வளவு அதிகம் இல்லை. அதை எட்டுவதற்குக் கியர் பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிதான் கனமானது. ஆகவே கூலி ஒரு முறை கொடுக்கும்போதே அங்கே உள்ள வேலைகள் அனைத்தையும் முடித்துக்கொள்வதுதான் சிக்கனம். பிளேட் மட்டும் போதும் என்று பணத்தை மிச்சம் பிடித்து, ஆறு மாதத்தில் ரிலீஸ் பேரிங் சத்தம் போட்டால், மறுபடியும் அதே கூலி. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்வது மெக்கானிக்கின் பேராசை அல்ல. அது சரியான யோசனைதான்.

கியர் பாக்ஸ் கீழே இருக்கும்போது பார்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு. பிளைவீல் முகத்தில் நீல நிறக் கருகலோ வெடிப்போ இருக்கிறதா? சாதாரண பிளைவீல் என்றால் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் முகம் பார்த்துக்கொள்ளலாம். என்ஜின் பின்பக்க ஆயில் சீல் எப்படி இருக்கிறது? ஆம்னி, ஏஸ் போன்ற பின்சக்கர இழுவை வண்டிகளில் கியர் பாக்ஸை இறக்க நீளத் தண்டையும் கழற்றியாக வேண்டும். அதன் கிராஸ் ஜாயின்ட் ஆடுகிறதா? கியர் தானாக நழுவும் வழக்கம் இருந்தால் அதற்கும் இதுதான் சமயம்.

சில டீசல் கார்களில் இரட்டை எடை பிளைவீல் என்ற வகை உண்டு. இரண்டு வட்டுகள், நடுவில் ஸ்பிரிங்குகள். என்ஜினின் அதிர்வு கியர் பாக்ஸுக்குப் போகாமல் தாங்குவதற்காக அமைத்தது. இதைச் சாதாரண பிளைவீல்போல லேத்தில் கொடுத்துச் சரி செய்ய இயலாது. விலையும் அதிகம். கிளட்ச் செலவு பெருந்தொகையாக வந்து மலைக்க வைப்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட கார்களில்தான். ஆனால் கிளட்ச் மாற்றும்போதெல்லாம் இதையும் மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு வட்டுகளுக்கும் இடையே உள்ள ஆட்டத்தை அளந்து, கம்பெனி சொன்ன அளவுக்குள் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். அளக்காமலே மாற்றச் சொல்லும் ஒர்க்‌ஷாப்பாக இருந்தால், இன்னொரு இடத்திலும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

பழைய பிளேட்டுக்கே பட்டை ஒட்டி வாங்குவதையும், பழைய சாமான் கடையில் வேறு வண்டியின் கிளட்ச்சை வாங்கிப் போடுவதையும் தவிர்க்கலாம். சென்னை புதுப்பேட்டையில் கதவும் கண்ணாடியும் வாங்குவது புத்திசாலித்தனம். ஆனால் தேய்வதற்கென்றே உள்ள பொருளைத் தேய்ந்த நிலையில் வாங்கி, அதற்கு முழுக் கூலி கொடுப்பது சிக்கனம் ஆகாது. புதுச் சாமானைப் பெட்டியோடும் பில்லோடும் வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானைக் கையில் கேட்டு வாங்குங்கள். மொத்தத் தொகையை வேலை தொடங்கும் முன் எழுத்தில் பெறுங்கள்.

வண்டியின் மற்ற உறுப்புகள் என்ன சொல்கின்றன?

புதுக் கிளட்ச் பல ஆண்டு உழைக்கக் கூடியது. அதுவரை வண்டி உழைக்குமா என்பதே அடுத்த கேள்வி.

முதலில் துரு. வண்டியின் அடியில் படுத்து, தரைத் தகடு, சேஸிஸ் கட்டைகள், சக்கரம் மாட்டும் இடங்கள், பக்கக் கதவு ஓடும் தண்டவாளம் ஆகியவற்றை ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மேல் துரு பரவாயில்லை. முனை உள்ளே போய்விட்டால், அந்த வண்டிக்குக் கிளட்ச் போடுவது கரையான் அரித்த வீட்டுக்கு வெள்ளையடிப்பது போலாகும். உப்பு மூட்டையும் கருவாடும் மீனும் ஏற்றிய வண்டிகளையும், கடற்கரை ஊர் வண்டிகளையும் இதில் இரட்டிப்புக் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

இரண்டாவது என்ஜின். புகை நீலமாக வருகிறதா? இரண்டு ஆயில் மாற்றத்துக்கு இடையே ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறதா? தண்ணீர் குறைந்துகொண்டே போகிறதா? ஆம் என்றால், கிளட்ச்சுக்குப் பின்னால் இன்னொரு பெரிய செலவு வரிசையில் நிற்கிறது.

மூன்றாவது காகிதங்கள். சொந்தக் காராகப் பதிவான வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. அதன்பின் தகுதி பார்த்து 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சரக்கு வண்டிக்கு எஃப்.சி. 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். பழைய வண்டிக்கான கட்டணங்களும் ஏறி வருகின்றன. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் மத்திய விதிகளின்படி 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அதற்குப் பிறகும் மாற்றங்கள் வந்திருக்கின்றன. பசுமை வரியும் உண்டு. ஆகவே பதிவோ எஃப்.சி.யோ முடியும் தறுவாயில் உள்ள வண்டி என்றால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மொத்தக் கட்டணத்தைக் கேட்டு, எஃப்.சி.க்குத் தயார் செய்யும் டிங்கரிங், பெயிண்ட் செலவையும் சேர்த்து, அதன்பின் கிளட்ச்சைப் பற்றி முடிவெடுங்கள்.

நான்காவது, சாமான் கிடைக்குமா என்பது. ஆம்னி உற்பத்தி 2019இல் நின்றுவிட்டது. ஆயினும் 1984 முதல் ஓடிய வண்டி என்பதால், அதன் சாமான்கள் சிற்றூர்களிலும் கிடைக்கின்றன, எந்த மெக்கானிக்கும் கழற்றி மாட்டுவார். குறைவாக விற்று நின்றுபோன கார்களுக்கு இந்த வசதி இல்லை. அப்படிப்பட்ட காருக்கு இன்று கிளட்ச் கிடைத்தாலும், நாளை வேறொரு சாமானுக்காக வாரக்கணக்கில் நிற்க நேரிடும்.

இனி கணக்கு

ஒரு உதாரணம் போடுவோம். எண்கள் கணக்குக்காக நாம் வைத்துக்கொண்டவையே. உங்கள் ஊர் எண்களை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள்.

சரக்கு வண்டியாகப் பதிவான பழைய ஆம்னி ஒன்று. முழு கிளட்ச் வேலைக்கு ரூ. 12,000. வழுக்கும் கிளட்ச்சோடு இன்று விற்றால் ரூ. 25,000 கிடைக்கும். சரி செய்தால் 3 ஆண்டு ஓட்டலாம். அந்த 3 ஆண்டில் டயர், பேட்டரி, பிரேக் என்று இன்னும் ரூ. 24,000 ஆகும். 3 ஆண்டு கழித்து ரூ. 10,000 தேறும்.

விற்காமல் வைத்துக்கொள்வதால் இன்று விடும் தொகை ரூ. 25,000. கிளட்ச் ரூ. 12,000. பிற வேலை ரூ. 24,000. கூட்டினால் ரூ. 61,000. கடைசியில் தேறும் ரூ. 10,000 போக ரூ. 51,000. இதை 36 மாதத்தால் வகுத்தால் மாதம் ரூ. 1,417. வண்டியில் இன்று முடங்கும் ரூ. 37,000க்கு, நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி மாதம் ரூ. 370. இன்சூரன்ஸ், எஃப்.சி., வரி எல்லாம் மாதக் கணக்கில் ரூ. 1,800 என்று கொள்வோம். ஆக, வண்டி ஓடினாலும் நின்றாலும் மாதம் ரூ. 3,587 அடக்கம்.

இப்போது நடைக்கு வருவோம். மார்க்கெட் போய்வர சொந்த வண்டியில் பெட்ரோல் ரூ. 200, லோடு ஆட்டோ பிடித்தால் ரூ. 600 என்றால், ஒரு நடைக்கு மிச்சம் ரூ. 400.

மாதம் 15 நடை போகும் கடைக்குச் சொந்த வண்டியில் ரூ. 6,587 ஆகும். லோடு ஆட்டோவில் ரூ. 9,000 ஆகும். மாதம் ரூ. 2,413 மிச்சம். கிளட்ச்சுக்குப் போட்ட ரூ. 12,000 ஐந்து மாதத்தில் திரும்பிவிடும். இந்தக் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கிளட்ச் போடலாம்.

மாதம் 9 நடை என்றால் சொந்த வண்டியில் ரூ. 5,387, வாடகையில் ரூ. 5,400. ஏறக்குறைய சமம். இங்கே பணத்துக்கு அப்பால் உள்ளவை முடிவு செய்யட்டும். அதிகாலை 4 மணிக்கு நம் ஊரில் லோடு ஆட்டோ கிடைக்குமா? வண்டி ஓட்டுவது நாமா, சம்பள ஆளா? வாடகை வண்டிக்காரர் மூட்டை ஏற்றி இறக்கவும் கைகொடுப்பாரா?

மாதம் 6 நடைதான் என்றால் சொந்த வண்டியில் ரூ. 4,787, வாடகையில் ரூ. 3,600. இவருக்குக் கிளட்ச் ரூ. 12,000 அல்ல, ரூ. 6,000க்குக் கிடைத்தாலும் கணக்கு நேராகாது. சரக்கைக் கடைக்கே கொண்டுவந்து இறக்கும் ஏஜென்ஸிகள் பெருகிவிட்ட பிறகு, மண்டிக்குப் போகும் நடை பல கடைகளில் குறைந்திருக்கிறது. ஆகவே பழைய நினைவில் நடைகளை எண்ணாமல், சென்ற மூன்று மாதத்தில் வண்டி உண்மையில் எத்தனை முறை வெளியே போனது என்று பார்த்து எழுதுங்கள்.

மகன் சொன்ன வேறு வண்டிக்கும் இதே கணக்குத்தான். ரூ. 2,50,000 கொடுத்து, சில ஆண்டே ஓடிய வண்டியை வாங்கி, 3 ஆண்டு கழித்து ரூ. 1,60,000க்கு விற்றால், தேய்மானம் மட்டும் மாதம் ரூ. 2,500. முடங்கும் முதலுக்கு ஒரு வட்டி ரூ. 2,500. சிறு பழுதுகள் ரூ. 250. மொத்தம் ரூ. 5,250. பழைய வண்டியில் இதே மூன்று இனங்களும் சேர்ந்து ரூ. 1,787தான். வித்தியாசம் மாதம் ரூ. 3,463. புது வண்டி நடுவழியில் நிற்காது என்ற நிம்மதிக்கு நாம் கொடுக்கும் விலை இது. தக்காளியும் கீரையும் ஏற்றுபவருக்கு, ஆண்டில் நான்கு நாள் வண்டி நின்றாலும் சரக்கு அழுகிப் பெருநஷ்டம் ஆகும். அவருக்கு அந்த விலை தகும். அரிசியும் பருப்பும் ஏற்றுபவருக்கு ஒருநாள் தாமதம் பெரிய நஷ்டம் அல்ல. அவர் அந்தப் பணத்தைச் சரக்கில் போட்டுச் சுழற்றுவது மேல்.

விற்கத்தான் போகிறோம் என்று முடிவானால்

விற்பதற்காகவே முழுச் செலவு செய்து கிளட்ச் போடுவது பெரும்பாலும் கட்டாது. வாங்குபவர் புதுக் கிளட்ச்சுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் தொகை நம் செலவைவிடக் குறைவாகவே இருக்கும். குறையைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றுவிடுவதே நல்லது. மெக்கானிக்குகளே இப்படிப்பட்ட வண்டியை வாங்குவதுண்டு. கூலி அவர்களுக்கு மிச்சம் என்பதால், மற்றவர்களைவிடச் சற்றுக் கூடவும் கொடுப்பார்கள்.

விற்றால் பெயர் மாற்றத்தை உடனே செய்துவிடுங்கள். விற்ற தகவலை, அதே மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால் நோட்டீஸ் நம் கடை வாசலுக்குத்தான் வரும். இரும்பு விலைக்குப் போடுவதானாலும், பதிவை ரத்து செய்யாமல் காயலான் கடையில் தள்ளிவிட்டு வருவது ஆபத்து. 2021இல் வந்த மத்திய அரசின் வாகன அழிப்புக் கொள்கையின்படி, பதிவு பெற்ற நிலையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கலாம். அந்தச் சான்றிதழ் புது வண்டி வாங்கும்போது வரிச் சலுகைக்குப் பயன்படக் கூடியது.

வரியும் கணக்கில் சேரட்டும்

கிளட்ச் உள்ளிட்ட வாகன உதிரிப் பாகங்களுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. சரக்கு வண்டியாகப் பதிவான வண்டியின் பழுதுக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். இதற்குப் பில் நம் கடைப் பெயரிலும் எண்ணிலும் இருக்க வேண்டும். ஆட்கள் போகும் சாதாரணக் காருக்கு இந்தச் சலுகை கிடையாது. இணக்கவரித் திட்டத்தில் உள்ள கடைகளுக்கும் கிடையாது.

வருமான வரியில், கடைக்கு ஓடும் வண்டியின் பழுதுச் செலவை அந்த ஆண்டின் செலவாகவே எழுதலாம். புதிதாக வாங்கும் வண்டி என்றால் அதன் விலையை ஒரே ஆண்டில் எழுத முடியாது. சொந்த உபயோக வண்டிக்குத் தேய்மானமாக ஆண்டுக்கு 15 சதவீதம் என்ற கணக்கில்தான் எழுத முடியும். விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்டி வரி கட்டுபவர்களுக்கு இந்தச் செலவைத் தனியே கழிக்க வழி இல்லை. நம் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது உத்தமம்.

போட்ட கிளட்ச்சைக் காப்பது எப்படி?

போட்ட பணம் முழுமையாகத் திரும்புவது ஓட்டுபவர் காலில் இருக்கிறது. கியர் மாற்றாதபோது கிளட்ச் பெடல்மேல் கால் வைத்திருக்கக் கூடாது. மேட்டில் நிற்கும்போது ஹேண்ட் பிரேக்கைப் போட வேண்டும், பாதி கிளட்ச்சில் தாங்கி நிற்கக் கூடாது. முதல் கியரில்தான் கிளம்ப வேண்டும். சிக்னலில் நியூட்ரலுக்கு வந்துவிட வேண்டும். ஆர்.சி.யில் எழுதிய எடைக்கு மேல் ஏற்றக் கூடாது. ஒரு நடை மிச்சம் பிடிப்பதற்காக ஏற்றும் கூடுதல் மூட்டைகள் கிளட்ச்சையும் பிரேக்கையும் சேர்த்தே தின்கின்றன. புதுக் கிளட்ச் போட்ட முதல் சில நூறு கிலோமீட்டருக்கு அதிகச் சுமை ஏற்றாமல், பட்டை படியும்வரை பக்குவமாக ஓட்டுங்கள். கேபிளின் விளையாட்டை மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கடைப் பையன்கள் வண்டி எடுப்பதானால் இவற்றை அவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

மெக்கானிக் தொகை சொன்ன அன்றே "சரி" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்ல வேண்டியதில்லை. ஒரு தாளில் ஐந்து வரி எழுதுங்கள். உண்மையில் கிளட்ச்தானா, வண்டியின் அடித்தகடு எப்படி இருக்கிறது, காகிதம் எத்தனை மாதம் செல்லும், மாதம் எத்தனை நடை, ஒரு நடைக்கு வாடகை எவ்வளவு. தகடு உறுதியாக இருந்து, காகிதம் செல்லுபடியாகி, நடையும் நிறைய இருந்தால், வண்டிக்கு எத்தனை வயதானாலும் தயங்காமல் கிளட்ச் போடுங்கள். இவற்றில் ஒன்று சரியில்லை என்றால் மறுபடி யோசியுங்கள். இரண்டு சரியில்லை என்றால், அந்தத் தொகையை வண்டியில் போடாமல் சரக்கில் போடுங்கள்.